முதல் நாளே எதிரில் ஓர் ஆள் நிற்கலாமா?

ஜனவரி 9 (கேள்வி)

கராத்தே ஐந்து வருடமாகக் கற்கிறேன். போன மாதத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் கற்றபடியே சொல்லிக்கொடுக்கிறேன். முதல் மூன்று மாதம் நிற்பது, குத்துவது, தடுப்பது, உதைப்பது, எல்லாம் வரிசையில் நின்று தனித்தனியாக. அப்புறம் முதல் கட்டா (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு). அதற்கும் பிறகுதான் ஜோடி. கூட இருக்கும் ஒருவர், "முதல் நாளே ஜோடி சேர்த்துவிடு, தனிப் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். குத்தவே தெரியாத இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால் இரண்டு பேரும் தப்பாகத்தானே பழகுவார்கள்? கடைக்கால் தோண்டாமல் மாடி கட்டுகிற கதையாக இருக்கிறது.

ஜனவரி 9, இரவு (பதில்)

அவர் சொல்வதைக் கேளுங்கள். முதல் நாளே ஜோடி.

பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஒன்பது வருடம் நீங்கள் செய்வதையே செய்தேன். மாறியதற்குக் காரணம் ஒரு பச்சை பெல்ட்.

பதினொரு மாதம் வந்த பையன். முன்பக்க ஸ்டான்ஸ் (நிற்கும் நிலை) அவ்வளவு அழகு. முட்டி கால்விரலுக்கு நேராக, பின்கால் விறைப்பாக, இடுப்பு சதுரமாக. புதியவர்களுக்கு அவனைத்தான் காட்டுவேன், "இப்படி நில்லுங்கள்" என்று. ஒரு நாள் அவனை என் எதிரில் நிறுத்தி, "என் மார்பில் குத்து" என்றேன். ஓரடி பாய்ந்து குத்தினான். கை முழுசாக நீண்டு, தோள் இறங்கி, முஷ்டி கச்சிதமாக நின்றது. என் மார்புக்கு ஒரு முழம் முன்னால்.

"கிட்ட வா" என்றேன். வந்தான். இந்த முறை முஷ்டி சட்டையில் பட்டது, ஆனால் முழங்கை பாதி மடங்கிக் கிடந்தது. இன்னொரு முறை. மறுபடியும் ஒரு முழம் தள்ளி. பதினொரு மாதத்தில் ஆயிரக்கணக்கான குத்துகள். ஒன்றுகூட எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை. காற்றுக்குத் தூரம் கிடையாது, அதனால் அவனுக்கும் தூரம் தெரியவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஜனவரி 10

"சரி, முதல் நாள் என்னதான் செய்வீர்கள்" என்று கேட்டவருக்கு.

குத்து, தடுப்பு எதுவும் கிடையாது. இரண்டு பேர் கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் நிற்பார்கள். ஒருவர் மற்றவரின் தோளைத் தொட வேண்டும், அவர் தொட விடக் கூடாது. கால் நகரலாம். இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் வேர்த்துவிடும்.

ஒதுங்கி நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். யாரும் சொல்லாமலே ஒரு காலை முன்னால் வைத்திருப்பார்கள், ஏனென்றால் இரண்டு காலையும் சேர்த்து நின்றவர் முதல் பத்து விநாடியிலேயே தொடப்பட்டிருப்பார். முட்டி லேசாக மடங்கியிருக்கும். குதிகால் அரை விரல் தூக்கியிருக்கும். கை தானாக முகத்துக்கும் மார்புக்கும் நடுவில் வந்திருக்கும். நான் மூன்று வாரம் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த ஸ்டான்ஸ், கொஞ்சம் கோணலாக, அங்கே நிற்கும். அப்போதுதான் "அப்படியே நில்லுங்கள், உங்கள் காலைப் பாருங்கள்" என்பேன். அதைத் திருத்துவது சுலபம். ஏன் அப்படி நிற்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டதே.

அடுத்தது தள்ளுவது. ஒருவர் உள்ளங்கையை மற்றவரின் மார்புக் கூட்டில் வைத்து மெதுவாக, மிக மெதுவாக, தள்ளுவார். தள்ளப்படுபவர் எதிர்த்து முட்டாமல், விழாமலும் நிற்க வேண்டும். தை ச்சியில் 'தள்ளும் கை' என்று ஒரு பெரிய பயிற்சியே இருக்கிறது. கோஜு ரியூ கராத்தேக்காரர்களிடம் 'காக்கியே' உண்டு, விங் சுன் என்ற சீனக் கலையில் 'சி சாவ்'. நான் செய்வது அவற்றின் எல்கேஜி வடிவம்.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

மேலே 'மூன்று வாரம் கத்திக் கத்தி' என்றது மிகை. இரண்டு வாரம்.

ஜனவரி 11

ஜூடோக்காரர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "எங்களிடம் விழுவதைத்தான் முதலில் தனியாகச் சொல்லித்தருகிறோம். முதல் நாளே ஜோடி என்றால் மணிக்கட்டு முறியும்."

நியாயம். உக்கெமி (அடிபடாமல் விழுவது) விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். விழத் தெரியாதவரைத் தூக்கிப் போடக் கூடாது. மல்லாந்து படுத்துக் கையால் தரையைத் தட்டுவது, குந்திய நிலையிலிருந்து பின்னால் உருள்வது, அப்புறம் நின்றபடி விழுவது, இவையெல்லாம் தனியாகத்தான் வர வேண்டும். முகவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் வருவதற்குள் ஜோடி சேர்ப்பது பைத்தியக்காரத்தனம். கை ஊன்றி விழுபவரின் மணிக்கட்டும் காறை எலும்பும்தான் முதலில் போகும்.

ஆனால் அதே ஜூடோவில், விழக் கற்ற மறுநாளிலிருந்து எல்லாமே இன்னொரு ஆளோடுதானே? ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் கோடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவின் அபாயமான பிடிகளைக் கட்டா வடிவத்துக்கு ஒதுக்கிவிட்டு, முழு பலத்தோடு செய்யக்கூடியவற்றை ரந்தோரியில் (இருவர் எதிர்த்து ஆடும் பயிற்சியில்) வைத்தார். அந்தக் கட்டாவும் இரண்டு பேர் செய்வதுதான். ஒருவரை நிலைகுலைய வைப்பதற்கு 'குசுஷி' என்று பெயர். நிலைகுலைய ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும், சுவரை நிலைகுலைய வைக்க முடியாது.

ஜனவரி 14

இது கொஞ்சம் நீளும். வேலை இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

தனிப் பயிற்சி முதலில் என்பது எங்கிருந்து வந்தது? கராத்தேயில் பதில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவா தீவில் இதோசு அங்கோ என்ற ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். 1908இல் அதற்காகப் பத்து அம்சக் கடிதமும் எழுதினார். பினான் கட்டாக்கள் ஐந்தையும் மாணவர்களுக்காக அமைத்தவர் அவர்தான். அவருடைய மாணவர் ஃபுனகோஷி பின்னாளில் ஹேயான் என்று பெயர் மாற்றியது அவற்றைத்தான். ஒரு மைதானம், ஓர் ஆசிரியர், எதிரே வரிசை வரிசையாகப் பையன்கள். இப்படி ஒரு கூட்டத்தை ஜோடி சேர்த்துவிட்டால் யார் யாரை எங்கே அடிக்கிறார்கள் என்று யார் பார்ப்பது? வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்வதுதான் நடக்கிற காரியம்.

அது கூட்டத்தைச் சமாளிக்க வந்த ஏற்பாடு. பன்னிரண்டு பேர் வரும் வகுப்பில் அதை ஏன் தூக்கிச் சுமக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பக்கம் ஜப்பானின் பழைய வாள் பள்ளிகளைப் பாருங்கள். கட்டா என்றாலே அங்கே இரண்டு பேர். உச்சிதாச்சி அடிப்பவர், ஷிதாச்சி கற்பவர். உச்சிதாச்சியாக நிற்பவர் மூத்தவர். ஒவ்வொரு கட்டாவின் முடிவிலும் தோற்பவரும் அவர்தான். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தெரிந்தவர் தோற்கிறார், தெரியாதவர் ஜெயிக்கிறார். நம் வகுப்பில் என்ன நடக்கிறது? "வா, எப்படின்னு காட்டறேன்" என்று மாஸ்டர் ஒரு மாணவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் அவன் கையை முறுக்குகிறார். நானும் செய்திருக்கிறேன், மறுக்கவில்லை.

ஆக பழைய முறை எல்லாமே ஜோடிதான். தனியாக ஆடுவது பின்னால் வந்த வழக்கம்.

ஜனவரி 15

மேலே உள்ள கடைசி வரி தப்பு. மூன்று பேர் திருத்தியிருக்கிறார்கள், மூவரும் சரி.

களரிப்பயிற்றில் மெய்த்தாரி முதலில். உடம்பை வளைத்து, உதைத்து, தாழ்ந்து எழுந்து பழகுவது. அதற்குப் பிறகுதான் கோல்தாரி (மர ஆயுதம்), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), கடைசியில் வெறுங்கை. மெய்த்தாரியில் வாய்த்தாரி (வாய்க் கட்டளை) சொல்லிக் கூட்டமாகச் செய்தாலும் எதிரில் ஆள் கிடையாது. சிலம்பத்திலும் காலடியும் கம்பு சுற்றுவதும் பழகிய பிறகுதான் எதிரில் கம்போடு ஒருவர். வாளை உருவி வெட்டும் ஜப்பானியக் கலையான இயாய்தோ பெரும்பாலும் தனியாள் ஆட்டம். விங் சுன் அதன் முதல் தொகுப்பான சியூ நிம் தாவில்தான் தொடங்குகிறது, அதுவும் தனியாக.

ஃபுனகோஷி கிச்சினையே எடுத்துக்கொள்ளுங்களேன். மூன்று டெக்கி கட்டாக்களுக்கு மட்டும் பத்து வருடம் செலவழித்தவர். இரவில் ஆசிரியர் வீட்டு முற்றத்தில், ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்ப. அவர் 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோன கராத்தே அப்படிக் கற்றதுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த முற்றத்தில் மாணவர் ஒருவர், பார்க்க ஆசிரியர் ஒருவர். முப்பது பேரில் கடைசி வரிசையில் நின்று குத்துவது அதே 'தனிப் பயிற்சி' ஆகிவிடாது. ஆனாலும் 'எல்லாமே ஜோடிதான்' என்று அளந்தது தப்பு. வாபஸ்.

ஜனவரி 15, இரவு

திருத்தம் போட்ட கையோடு இன்னொன்றையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஜோடி முதலில் என்று மாற்றிய முதல் வருடம் படுதோல்வி.

கேள்வி கேட்டவர் பயந்தது அப்படியே நடந்தது. நேர்க்குத்து, மேல்தடுப்பு என்று இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்து எதிரெதிரே நிறுத்தினேன். நான்கு வாரத்தில் எல்லோரும் பிரமாதமாகத் தடுத்தார்கள். சந்தேகம் வந்து ஒரு ஜோடியின் பக்கவாட்டில் போய் நின்றேன். குத்துபவர் முகத்துக்குக் குத்தவில்லை, காதுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் குத்துகிறார். தடுப்பவர் கையைத் தூக்கி, வெளியே போய்க்கொண்டிருக்கும் குத்தை இன்னும் வெளியே தள்ளிவிடுகிறார். "தடுக்க வேண்டாம், சும்மா நில்லுங்கள்" என்று சொல்லி மறுபடி குத்தச் சொன்னேன். குத்து காதோரமாகக் காற்றில் போனது. அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி, எல்லாரிடமும் இதே கதை.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எதிரில் இருப்பவர் நல்ல மனிதர், வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தப்பாகக் குத்தியிருக்கிறார்கள். வராத குத்தைத் தடுக்கப் பழகிவிட்டார்கள் மற்றவர்கள். காற்றில் குத்தியிருந்தால் குத்தாவது ஒழுங்காக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தினமும், "முகத்துக்கு நேராகக் குத்து, நிஜமாகக் குத்து" என்று ஒரு மாணவரிடம் இரண்டு வாரம் தொண்டை கட்டக் கத்தினேன். எதிரில் நானே நின்றேன். பதினைந்தாம் நாள் நிஜமாகக் குத்தினார். அந்த நொடியில் நான் பக்கத்து ஜோடியைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். மூக்கில் ரத்தம். அவர் அழுதேவிட்டார். "சபாஷ், அதுதான் தூரம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நான்தான் சிரித்தேன்.

ஜனவரி 19

அந்த மூக்குக்குப் பிறகு புரிந்தது இதுதான்: ஜோடிப் பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது தடுப்பு இல்லை, கொடுப்பது. எதிராளிக்குச் சரியான ஒரு குத்தைக் கொடுப்பது. எங்கள் வகுப்பில் 'கொடுக்கிறவர்', 'வாங்குகிறவர்' என்றே சொல்கிறோம். கெண்டோ என்ற ஜப்பானிய வாள் விளையாட்டில் மோதோதாச்சியாக நிற்பவர் செய்வது இந்த வேலைதான். எப்போது இடம் திறக்க வேண்டும், எந்த வேகத்தில் வர வேண்டும் என்று எல்லாம் தெரிந்தவர். குத்துச்சண்டையில் பேட் (குத்தை வாங்கும் கைமெத்தை) பிடிப்பதும் அதே. நல்ல பேட் பிடிப்பவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று அங்கே சும்மா சொல்வதில்லை.

புதியவருக்குக் கொடுக்கக் கற்றுத்தருவது இப்படி. வாங்குகிறவர் கை இரண்டையும் தொங்கவிட்டு நிற்பார், தடுக்கவே மாட்டார். கொடுக்கிறவர் கையை முழுசாக நீட்டி முஷ்டியை அவர் மார்பெலும்பில் வைப்பார். அந்தத் தூரத்தில் தன் முன்கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். அப்புறம் ஓரடி பின்னால் போய், அதே ஓரடி முன்னால் வந்து, அதே இடத்தில் முஷ்டியை வைப்பார். குத்தல்ல, வைப்பது. சட்டைத் துணி அழுந்த வேண்டும், உள்ளே இருக்கும் ஆள் அழுந்தக் கூடாது. வாங்குகிறவருக்கு ஒரே வேலை, "பட்டது", "படவில்லை", "அதிகம்" என்று வாய்விட்டுச் சொல்வது.

ஐந்து நிமிடம் போதும். முதலில் எல்லோர் காதிலும் "படவில்லை"தான் விழும். அப்புறம் ஒரு சுற்று "அதிகம்". அதற்கப்புறம் 'பட்டது, பட்டது' என்று ஒரு தாளம் வந்துவிடும். அது வந்த பிறகுதான் வாங்குகிறவர் கை தூக்கலாம். கை தூக்காவிட்டால் படும் என்று அவருக்கே தெரியும், ஏனென்றால் இவ்வளவு நேரம் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

வேகம் பிறகு. வேகம் வந்தாலும் பலம் வேண்டாம். இரண்டும் வேறு வேறு என்பது பலருக்குப் பல வருடம் ஆகியும் தெரிவதில்லை.

ஜனவரி 20

"ஒற்றைப்படையில் ஆள் வந்தால்?" மூன்று பேராக நிறுத்துங்கள். மூன்றாமவர் கொடுக்கிறவரின் பின்காலை மட்டும் பார்க்க வேண்டும், வேறு எதையும் பார்க்கக் கூடாது. குதிகால் தூக்கினால் சொல்ல வேண்டும். சும்மா நிற்பவர்தான் வகுப்பிலேயே அதிகம் கற்றுக்கொண்டு போவார், சில நாள்.

ஜனவரி 24

ஒரு பெண்மணி எழுதியிருந்தார். பெயர் வேண்டாம் என்கிறார். தொடக்க வகுப்பில் முதல் நாளே யாரோ முன்பின் தெரியாதவர் தோளில் கை வைக்க, அடுத்த நாள் போகவில்லையாம். "உங்கள் முறை எனக்கு ஆகாது" என்று முடித்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு நான்கு நாளாக எதுவும் எழுதவில்லை. என் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருந்தார். கை கிட்டே வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "பயப்படாதீங்க, பழகிடும்" என்று சொல்லிச் சொல்லி ஜோடியிலேயே நிறுத்தினேன். மூன்றாவது வாரம் வரவில்லை. பழகிவிடும் என்றது எனக்குத்தான் பழகிவிட்டது, அவர் பட்ட பாடு என் கண்ணிலேயே படவில்லை. அந்தக் கண் இறுகியதற்கு என்ன காரணம் இருந்ததோ, நான் கேட்கவே இல்லை.

இப்போது தொடுவதற்கு முன்னால் ஒரு படி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு முனையாகப் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது. துணி தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. ஒருவர் நடந்தால் மற்றவர் கூட நடக்க வேண்டும். முன்னால், பின்னால், வட்டமாக. யாரும் யாரையும் தொடவில்லை, ஆனால் எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது துணி வழியாகக் கைக்கு வந்துவிடும். தொட வேண்டாம் என்கிறவர் ஒரு மாதம்கூட இதிலேயே இருக்கலாம். கோலுக்குக் கோல் தட்டும் பயிற்சியும் நல்லது. பிலிப்பைன்ஸ் கலைகளில் வரும் இரட்டைக் கோல் பயிற்சியான சினவாலியில் உடம்பு உடம்பைத் தொடுவதே இல்லை, ஆனால் எதிரில் ஆள் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

எனவே 'முதல் நாளே ஜோடி' என்று நான் தொடக்கத்தில் அடித்துச் சொன்னதில் ஒரு 'அவர் சம்மதித்தால்' சேர்த்துப் படிக்கவும்.

ஜனவரி 28

"அப்படியானால் கட்டா எதற்கு, தனிப் பயிற்சி எதற்கு, தூக்கிப் போட்டுவிடலாமா?"

அய்யய்யோ, வேண்டாம். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஜோடியில் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் தனியாக நிற்கும் ஆளின் கண்ணைப் பாருங்கள். இதற்கு முன்னால் தனியாகக் குத்துபவர் எங்கே பார்ப்பார்? சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தை, என்னை, பக்கத்தில் இருப்பவரின் காலை. இப்போது அவர் பார்வை அந்தரத்தில் ஓர் இடத்தில் போய் நிற்கும். ஒரு மனிதனின் மார்பு இருக்கும் உயரத்தில், தோள் இரண்டும் பார்வைக்குள் விழும் தூரத்தில். அங்கே யாரும் இல்லை, ஆனால் அவருக்கு ஆள் தெரிகிறது. குத்துச்சண்டைக்காரர்கள் நிழலோடு சண்டை போடுவது இதுதான். அடி வாங்கியவர் நிழலோடு ஆடும்போது தலை நகரும். வாங்காதவருக்குக் கை மட்டும் நகரும்.

தோளை ஏன் சொன்னேன் என்றால், கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிவிடுகிறது. கிட்டத்திலிருந்து வரும் குத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். முஷ்டியைப் பார்த்துத் தடுக்கலாம் என்று நினைத்தால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். முஷ்டிக்கு முன்னால் தோள் அசையும், தோளுக்கும் முன்னால் எடை மாறும். அதைப் படிக்கப் பழகுவதற்குக் கண்ணாடி உதவாது.

தனியாகச் செய்தால்தான் சரியாகும் சங்கதிகளும் இருக்கின்றன. ஜோடியில் எல்லோரும் தனக்கு வசமான பக்கத்தையே வைத்துக்கொள்வார்கள். இடது பக்கம் கற்காலத்திலேயே நிற்கும். உதைக்கும்போது நிற்கிற காலின் முட்டி உள்ளே மடங்குவதை எதிராளி இருக்கும்போது திருத்த முடியாது, அவர் அடிப்பாரா இவர் முட்டியைப் பார்ப்பாரா. பலம், மூச்சு, சமநிலை எல்லாம் அப்படித்தான். தனியாக, மெதுவாக, நூறு முறை.

நூறு முறை என்றதும் இன்னொன்று. உடல் அசைவை ஆராய்ந்த ரஷ்யாவின் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவில் உளிமேல் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் கையில் சின்ன விளக்குகளைக் கட்டிப் படம் எடுத்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் போகும் பாதை முறைக்கு முறை வேறு. ஒரே அசைவை நூறு முறை செய்யவில்லை, ஒரே வேலையை நூறு முறை புதிதாக முடித்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த உளிதான். உளி இருந்ததால் கைக்குத் தெரிந்தது எங்கே போக வேண்டும் என்று.

பிப்ரவரி 2

யாரோ "ஆராய்ச்சியும் ஜோடிப் பயிற்சியே சிறந்தது என்கிறது, ஷே, மார்கன், 1979" என்று போட்டிருக்கிறார். எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் விட முடியவில்லை.

அந்தச் சோதனையில் சண்டையும் கிடையாது, ஜோடியும் கிடையாது. மரத்தடுப்புகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் கையால் தட்டிவிட வேண்டும். ஒரு குழு ஒரு வரிசையைப் பழகி முடித்து அடுத்ததுக்குப் போனது, இன்னொரு குழு மாற்றி மாற்றிக் கலந்து பழகியது. பழகும்போது கலந்து செய்தவர்கள் மோசம், பிறகு சோதித்தபோது அவர்கள்தான் மேல். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஒரே தடுப்பை ஐம்பது முறை செய்யாமல் மேல், நடு, கீழ் என்று கொடுக்கிறவர் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்பது. வகுப்பு பார்க்க அலங்கோலமாக இருக்கும். பெற்றோர் வெளியே நின்று பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அவ்வளவுதான் அதிலிருந்து கிடைப்பது. 'ஜோடி சிறந்தது' என்று அந்த மரத்தடுப்பு சொல்லவில்லை.

பிப்ரவரி 3

இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன்.

முதல் குறிப்பில் சொன்ன பச்சை பெல்ட் பையன் இப்போது பெரிய ஆள், வேலைக்குப் போகிறான். நேற்று தற்செயலாகப் பேசினோம். இங்கே எழுதியதைச் சொல்லி, "உன்னால்தான் நான் மாறினேன்" என்று பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மாஸ்டர், எனக்குத் தூரம் தெரியும் மாஸ்டர்" என்றான்.

"அப்புறம் ஏன் ஒரு முழம் தள்ளி நிறுத்தினாய்?"

"உங்களைப் போய் எப்படி மாஸ்டர் குத்துறது?"

கிட்டே வந்தபோது முழங்கை மடங்கியதும் அதனால்தானாம். முழுசாக நீட்டினால் பட்டுவிடும், பட்டால் நான் கோபித்துக்கொள்வேன் என்று. வீட்டில் தம்பியை வைத்து அளந்து அளந்து குத்திப் பார்த்திருக்கிறான். அங்கே சரியாகப் பட்டிருக்கிறது. தம்பி அழுத கதையையும் சொன்னான்.

ஆக, நான் ஏழு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த கதையில் காரணம் தப்பு. காற்றுக்குத் தூரம் கிடையாது என்று வசனமெல்லாம் எழுதினேன். அவனுக்கு இருந்தது மரியாதை. யாரும் அவனுக்கு 'என்னைத் தொடலாம், இவ்வளவு தொடலாம்' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஜோடியை நான் எவ்வளவு முன்னால் கொண்டுவந்திருந்தாலும், எதிரில் மாஸ்டர் நின்றிருந்தால் அந்தக் குத்து ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருக்கும்.

இதற்கு அப்புறம் அந்த 'பட்டது, படவில்லை' பயிற்சியை நினைத்துப் பார்க்கிறேன். அதில் வாங்குகிறவர் வாய்விட்டுச் சொல்கிறாரே, அது தூரத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தூரத்துக்குப் பாதி, அனுமதிக்குப் பாதி என்று இப்போது தோன்றுகிறது. "படவில்லை, இன்னும் வாங்க" என்று எதிராளியே கேட்கும்போதுதான் இவர் கை நீள்கிறது.

பிப்ரவரி 4

"அப்படியானால் உங்கள் மொத்த வாதமும் போச்சா?" போகவில்லை. உதாரணம்தான் போச்சு. நல்ல உதாரணம், அது வேறு வருத்தம்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார். சனிக்கிழமை புது வகுப்பில் தோள் தொடுவதில் தொடங்கினாராம். இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் மற்றவரைக் கட்டிப்பிடித்து உருண்டார்கள், ஒழுங்கு போச்சு, கைதட்டி நிறுத்தி வரிசையில் நிற்க வைத்துவிட்டேன் என்கிறார்.

சிரிப்பை விடுங்கள். முதல் நாள் எதிரில் ஒரு முகம் இருந்தால் சிரிப்பு வரும், பயத்துக்கும் சிரிப்புதான் வரும். உருண்டதற்கு விளையாட்டில் விதி ஒன்று குறைந்ததுதான் காரணம். 'பிடிக்கக் கூடாது, தொட்டதும் விட வேண்டும்' என்று சேருங்கள். நேரமும் குறையுங்கள். நான் ஒரு சுற்றுக்கு முப்பது விநாடிக்கு மேல் விடுவதில்லை. முப்பது விநாடி, ஆள் மாற்று, முப்பது விநாடி. ஒரே ஜோடியை ஐந்து நிமிடம் விட்டால் மூன்றாவது நிமிடத்தில் உருளத்தான் செய்வார்கள். இதை நான் ஜனவரி 10ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். 'இரண்டு நிமிடத்தில் வேர்த்துவிடும்' என்று போட்டது நான்கு சுற்றையும் சேர்த்து.

அப்புறம், வரிசையில் நிறுத்தினீர்களே, அதன் பிறகு எப்படி நின்றார்கள் என்று எழுதவில்லையே? அதைத்தான் கேட்க நினைத்தேன்.

பிப்ரவரி 9, இரவு

பதில் வந்துவிட்டது. "ஒரு கால் முன்னால் வைத்து நின்றார்கள். நான் சொல்லவில்லை."

நாளை எனக்கும் புது வகுப்பு. ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேராக ஒரு குழு வைக்கலாம், இல்லையென்றால் நானே ஒருவர் எதிரில் நிற்கலாம். நின்றால் பக்கத்து ஜோடியைப் பார்த்துப் பேசக் கூடாது.